பூச்சுக்குள் இருக்கும் சாதி

(அடி அண்ணாமலையில் கட்டடத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு அடுக்குமாடிக் கட்டடங்களின் தரத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் ஒரு தோழர் கேட்டார்: "இன்னாப்பா இது, நமக்கு இருக்கறதே ஒழுகுற தொகுப்பு வீடு. அடுக்குமாடியப் பத்தி நமக்கு இன்னா பேச்சு? விக்கறவன் பாடு, வாங்கறவன் பாடு!" நியாயமான கேள்விதான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கட்டடத்தைக் கட்டுவது நாம். நகரத்தில் நம் குடிசையைப் பிரித்துப்போட்டு அரசாங்கம் நம்மைக் கொண்டுபோய் அடைப்பதும் அடுக்குமாடியில்தான். அடுக்குமாடியின் மலத்தொட்டி நிரம்பினால் கூப்பிடுவதும் நம்மைத்தான். இந்த மூன்று இடத்திலும் செலவைக் குறைக்கிறார்கள். குறைத்த செலவு காணாமல் போய்விடுவதில்லை, யாரோ ஒருவர் அதைச் சுமக்கிறார். யார் சுமக்கிறார் என்பதுதான் என் பேச்சு.

கிரிவலப் பாதையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். மல்லாட்டை போட்ட நிலமெல்லாம் பிளாட்டாகி, விடுதியாகி, இப்போது மாடி மாடியாக எழும்பி நிற்கிறது. பால்கனியில் உட்கார்ந்தால் மலை தெரியும் என்று விளம்பரம் போடுகிறான். தெரியட்டும். அந்தப் பால்கனியைத் தாங்குகிற கம்பிக்கு மேல் எவ்வளவு கான்கிரீட் இருக்கிறது, அதற்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டார்கள் என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. கலவை சுமந்த நம் அக்காவுக்குத் தெரியும். ஆனால் அவரை யாரும் கேட்பதில்லை.

கட்டடத்தில் எப்படிக் காசு பிடிக்கிறார்கள் என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு பில்டருக்கு நிலத்தின் விலையைக் குறைக்க முடியாது. கடனுக்கு வட்டியைக் குறைக்க முடியாது. அனுமதி வாங்கப் பல மேசைகளில் வைக்கிற பணத்தையும் குறைக்க முடியாது. வாசலில் போடுகிற கிரானைட், லிஃப்ட் எதிரில் மாட்டுகிற கண்ணாடி, விளம்பரம் இதிலெல்லாம் கைவைத்தால் வீடு விற்காது. வாங்குகிறவன் பார்க்கிற இடம் அது. அப்படியானால் மிச்சம் எங்கே பிடிப்பான்? கண்ணில் படாத இடத்தில் பிடிப்பான். கெட்டது தெரியவர அய்ந்து வருசம் பத்து வருசம் ஆகிற இடத்தில் பிடிப்பான். வாய் திறக்க முடியாத ஆளிடம் பிடிப்பான்.

கண்ணில் படாத இடம் எது? கம்பி கட்டும்போது பலகைக்கும் கம்பிக்கும் நடுவே கவர் பிளாக் வைக்கிறோம் இல்லையா, கையகலத் துண்டு, அது ஒன்று. அதை வைக்காமல் விட்டால் கம்பி பலகையோடு ஒட்டிக் கிடக்கும். மேலே கான்கிரீட் போட்டு, பலகையைப் பிரித்து, பூசி, சுண்ணாம்பு அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தளத்துக்கு அடியில் குறைந்தது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் கம்பியை மூடியிருக்க வேண்டும் என்பது அடிப்படை. மூடாத கம்பிக்குள் ஈரம் போகும், துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அது உப்பும்போது கான்கிரீட்டைப் பிளந்து கீழே தள்ளும். நம் காலனியில் தொகுப்பு வீட்டில் படுத்து மேலே பார்த்தால் கம்பி விலா எலும்பாட்டம் தெரிகிறதே, அதன் கதை இதுதான். முப்பது வருசம் கழித்து மழையின்மேல் பழி போடுகிறார்கள். பழி கான்கிரீட் போட்ட அன்றைக்குச் சேர வேண்டியது.

அடுத்தது தண்ணீர். அய்.எஸ். 456 என்ற இந்தியத் தரக் குறியீட்டின் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, சாதாரண சிமெண்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாள் ஈரமாக வைக்கச் சொல்கிறது. சாம்பல் கலந்த சிமெண்ட் என்றாலும், வெயிலும் வறட்சியும் அதிகம் என்றாலும் 10 நாள். நம்ம ஊர் வெயிலுக்கு எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் லாரிக்குக் காசு, தண்ணீர் விடுகிற ஆளுக்குக் கூலி. இரண்டு நாளோடு நிறுத்திவிட்டால் அந்தக் கட்டடம் அன்றைக்கே விழாது. ஆனால் அதன் ஆயுசு அன்றைக்கே குறைந்துவிடுகிறது. கலவை இளகட்டும் என்று கூடுதலாகத் தண்ணீர் ஊற்றுவதும் இப்படித்தான். ஊற்ற வேண்டிய நாளில் ஊற்றுவதில்லை, ஊற்றக் கூடாத நேரத்தில் ஊற்றுகிறான்! எம்.சாண்ட் என்று ரசீது போட்டு கிரஷர் தூசியை இறக்குவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நேரம். சென்ட்ரிங் முட்டை எப்போது எடுக்கலாம் என்பதற்கும் அதே குறியீட்டில் கணக்கு உண்டு. நாலரை மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். ஆறு மீட்டர் வரை நீளமுள்ள உத்திரத்துக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள். பலகைக்கும் முட்டுக்கும் தினவாடகை ஓடுகிறது. அதனால் சீக்கிரம் பிரிக்கச் சொல்வான். நான் பாலிடெக்னிக் படிக்கும்போது விடுமுறையில் சென்னையில் ஒரு கட்டடத்துக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனேன். உத்திரத்து முட்டை அய்ந்தாம் நாள் பிரிக்கச் சொன்னார்கள். எங்களோடு இருந்த வயசான கொத்தனார், செங்கம் பக்கத்துக்காரர், "நான் கை வைக்கமாட்டேன், அடியில புள்ளைங்க படுத்துனுகீது" என்றார். அன்று சாயங்காலமே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு ஆள் வந்து பிரித்தான். எஞ்சினியர் படித்தது புத்தகத்தில் இருந்தது. அந்தப் பெரியவருக்கு அது கையில் இருந்தது. ஆனால் வேண்டாம் என்று சொல்கிற உரிமை இருவருக்குமே இல்லை.

இதெல்லாம் ஏதோ ஒரு கெட்ட மேஸ்திரியின் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மேலே கம்பெனி, அதற்குக் கீழே ஒப்பந்தக்காரர், அவருக்குக் கீழே உள் ஒப்பந்தக்காரர், கடைசியில் மேஸ்திரி. ஒவ்வொரு படியிலும் ஒருவன் கை நனைத்துவிட்டுத்தான் கீழே விடுகிறான். கடைசிப் படிக்கு வரும்போது மிச்சமிருப்பது இரண்டே இரண்டு: சிமெண்ட் மூட்டை, சித்தாள் கூலி. இரண்டிலும் கை வைக்கிறான். பெண்கள் இருபது வருசம் கலவை சுமந்தாலும் சித்தாளாகவே வைத்திருப்பதும் செலவுக் குறைப்புதான். கரணையைக் கையில் கொடுத்தால் கொத்தனார் கூலி கொடுக்க வேண்டுமே!

விழுந்தால் முதலில் சாகிறவர் யார்? 2014 ஜூன் 28 அன்று சாயங்காலம் மழையில் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்தது. விற்பதற்காகக் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் அங்கே வேலை செய்துகொண்டிருந்த தொழிலாளர்கள். ஆந்திராவின் வடகோடி சிறீகாகுளம், விஜயநகரம் பக்கத்திலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நம் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள். அரசு விசாரணைக் கமிஷன் போட்டது. இடி விழுந்ததுதான் காரணம் என்று கட்டியவர்கள் தரப்பில் சொல்லிப் பார்த்தார்கள். பக்கத்தில் அதே ஆட்கள் எழுப்பிய இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடி வைத்துத் தகர்க்க வேண்டிவந்தது. அதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டினார்கள். 61 பேரில் எத்தனை பேருடைய பேர் நமக்குத் தெரியும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். காசு கொடுத்து வாங்குகிற பெரிய மனிதர் வீடும் விழுகிறதே, இதில் சாதி எங்கே வந்தது என்பார்கள். உண்மை, விழுகிறது. டில்லி பக்கத்தில் குருகிராமில் சிண்டெல்ஸ் பாரடைசோ என்ற அடுக்குமாடியில் 2022 பிப்ரவரி 10 அன்று ஆறாவது மாடித் தளம் உடைந்து ஒவ்வொரு மாடியாக இடித்துக்கொண்டு இறங்கியது. இரண்டு பெண்கள் செத்தார்கள். டில்லி அய்.அய்.டி. ஆராய்ந்து, கான்கிரீட்டில் குளோரைடு, அதாவது உப்பு, இருக்கிறது, பழுதுபார்த்துப் பயனில்லை என்று சொன்னது. அந்தக் கட்டடத்தை இடிக்க உத்தரவானது. கம்பிக்கு விஷம் வைக்கிறவன் உள்ளே குடியிருக்கப் போகிறவனின் சாதி பார்த்து வைப்பதில்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். அங்கே வீட்டுக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது, வக்கீல் இருந்தார், வீட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் கொடு என்று பேசுகிற இடம் இருந்தது. 2016-இல் வந்த ரியல் எஸ்டேட் சட்டம், விற்ற வீட்டில் அய்ந்து வருசத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் காசு வாங்காமல் 30 நாளில் சரிசெய்து கொடு என்று பில்டரிடம் சொல்கிறது. அந்த உரிமைக்கும் அவர்கள் போராட வேண்டியிருக்கிறது. ஆனாலும் வாங்குகிறவன் என்று ஓர் இடம் சட்டத்தில் இருக்கிறது.

நமக்கு எந்த இடம்? பயனாளி! சலுகை பெறுகிறவன். பயனாளி கேள்வி கேட்டால் நன்றி கெட்டவன் ஆகிவிடுகிறான்.

சென்னை புளியந்தோப்பில் கே.பி. பூங்கா குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். பழைய குடியிருப்பை இடித்துவிட்டு, சனங்களைத் தகரக் கொட்டகையில் வருசக்கணக்கில் காக்க வைத்து, 1,900-க்கும் மேற்பட்ட வீடுகளை மாடி மாடியாகக் கட்டினார்கள். கட்டியது குடிசை மாற்று வாரியம். 1970-இல் தொடங்கிய வாரியம், 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேரை மாற்றிக்கொண்டது. அதே 2021 ஆகஸ்ட் மாதம் அந்த வீட்டுச் சுவரை ஒருவர் விரலால் தொட, பூச்சு மாவாட்டம் உதிர்ந்தது. ஊரே அந்தப் படத்தைப் பார்த்தது. சட்டமன்றத்தில் பேசினார்கள், இரண்டு பொறியாளர்களைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள், சென்னை அய்.அய்.டி.யைக் கொண்டு ஆராய்ந்தார்கள். பூச்சில் இருக்கவேண்டிய சிமெண்ட் இல்லை என்று ஆய்வும் சொன்னது. நான் கேட்பது ஒன்றுதான். அய்.அய்.டி. வந்து சொல்வதற்கு முன்னால் அந்தக் கலவையைப் போட்ட கொத்தனாருக்குத் தெரியாதா? ஒரு சட்டி சிமெண்டுக்கு எத்தனை சட்டி மணல் விழுந்தது என்று சுமந்த சித்தாளுக்குத் தெரியாதா? குடிவந்த சனம் படம் எடுத்துப் போட்டிராவிட்டால் அந்தச் சுவர் இன்றைக்கும் நல்ல சுவர்தான், கோப்பில்.

அதே வருசம் டிசம்பர் 27, திருவொற்றியூர் அரிவாக்குளம். வாரியம் 1993-இல் கட்டிய குடியிருப்பு. 24 வீடுகள் இருந்த ஒரு பிளாக் கண்ணெதிரே உட்கார்ந்துவிட்டது. ஒரு உயிர்கூடப் போகவில்லை. காரணம் வாரியம் இல்லை. விரிசலைப் பார்த்த சனங்களே ஒருவரை ஒருவர் எழுப்பி, கதவைத் தட்டி, வெளியே ஓடி வந்ததால் பிழைத்தார்கள். 28 வருசத்தில் தரைமட்டமாகிற கட்டடத்தில் எந்த நடுத்தர வர்க்கத்துக்காரராவது பிள்ளைகளோடு குடியிருக்கச் சம்மதிப்பாரா?

சிமெண்டைக் குறைப்பது ஒரு வகை. வரைபடத்திலேயே குறைப்பது இன்னொரு வகை. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்குச் சேரிகளைத் துடைத்துத் தள்ளினார்கள். பெரும்பாக்கத்தில் எட்டு மாடி. லிஃப்ட் நின்றால் கர்ப்பிணியும் கிழவியும் படியேற வேண்டும். தண்ணீர்க் குடத்தோடு ஏற வேண்டும். எட்டு மாடி கட்டத் தெரிந்தவனுக்கு லிஃப்டைப் பழுதுபார்க்கிற செலவை முதல் நாளே கணக்கில் சேர்க்கத் தெரியாதா? தெரியும். சேர்த்தால் மதிப்பீடு ஏறும். கட்டும் செலவு அரசாங்கக் கணக்கு, ஏறும் செலவு கிழவியின் முழங்கால் கணக்கு.

மலத்தொட்டிக்கு வருவோம். இதை எஞ்சினியரிங் படிக்கிற தம்பி தங்கைகள் கவனித்துக் கேளுங்கள். தனியார் அடுக்குமாடியானாலும் விடுதியானாலும், வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்று தொட்டியை மூலையில் தள்ளுகிறார்கள். மூடி ஓர் ஆள் நுழையும் அளவு. கழிவு உறிஞ்சுகிற லாரியின் குழாய் அங்கே எட்டாது. அடியில் கசடு இறுகிவிட்டால் குழாயாலும் எடுக்க முடியாது. அந்த வரைபடத்தைப் போட்டவர் ஒரு முடிவு எடுத்திருக்கிறார்: இதற்குள் ஒரு மனிதன் இறங்குவான் என்று. எந்த மனிதன் என்பதை அவர் எழுதவில்லை, எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். சாதித் தொழிலை மனுதர்மத்தில் தேடிக்கொண்டிருக்கிறோம், அது கட்டட வரைபடத்திலும் இருக்கிறது தோழர்களே. 2013-இன் சட்டம் பாதாளச் சாக்கடையிலும் மலத்தொட்டியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்று 2014-இலும், 30 லட்சம் கொடு என்று 2023-இலும் உச்சநீதிமன்றம் சொன்னது. செத்த பிறகு கொடுப்பதைப் பற்றிய தீர்ப்பு. ஆள் இறங்கத் தேவையே இல்லாத தொட்டியைக் கட்டு என்று வரைபடத்தில் கேட்க வேண்டியது நாம்.

அண்ணல் அம்பேத்கருக்கு வீடு என்றால் என்னவென்று தெரியும். 1917-இல் பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க இடம் இல்லாமல் பார்சி விடுதியில் பேரை மறைத்துத் தங்கி, அங்கிருந்தும் விரட்டப்பட்டார். பம்பாயில் பரேலில் நகர மேம்பாட்டு டிரஸ்ட் கட்டிய தொழிலாளர் சாலில், சிறிய அறைகளில், இருபது வருசத்துக்கு மேல் வாழ்ந்தார். பிறகு 1930-களில் தாதரில் தனக்கென்று ஒரு வீடு கட்டியபோது எதை மனதில் வைத்துக் கட்டினார்? புத்தகங்களை. ராஜகிருகம் ஒரு நூலகத்துக்காகத் திட்டமிட்ட வீடு. இன்றைக்கு நமக்குக் கட்டுகிற வீட்டின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். அடுப்புக்கு இடம், படுக்க இடம். பத்தாம் வகுப்புப் பிள்ளை உட்கார்ந்து படிக்க ஒரு மூலை, அதற்கு வெளிச்சம் தர ஒரு ஜன்னல் எந்தக் கோட்டில் இருக்கிறது? நம் பிள்ளை படிக்கப் போகிறது என்று அந்த வரைபடம் நினைக்கவே இல்லை.

இது இந்தியாவின் கதை மட்டும் என்றும் நினைக்காதீர்கள். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்று 24 மாடி, நகராட்சிக் குடியிருப்பு. வெளிப்பக்கம் அழகாகத் தெரிய வேண்டும் என்று தகடு பொருத்தினார்கள். முதலில் நினைத்த துத்தநாகத் தகட்டுக்குப் பதிலாக, நடுவில் பிளாஸ்டிக் வைத்த அலுமினியத் தகட்டைப் போட்டதில் ஏறத்தாழ 3 லட்சம் பவுண்டு மிச்சம். 2017 ஜூன் 14 அன்று ஒரு சமையலறையில் பிடித்த தீ அந்தத் தகட்டில் ஏறிக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டது. 72 பேர் செத்தார்கள். பெரும்பான்மையினர் வெள்ளையர் அல்லாதவர்கள். எங்கள் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறீர்கள், பேரழிவு வந்தால்தான் கேட்பீர்களா என்று அங்கே குடியிருந்தவர்கள் 2016 நவம்பரிலேயே எழுதியிருந்தார்கள். 2024 செப்டம்பரில் வந்த விசாரணை அறிக்கை, அந்தச் சாவுகள் எல்லாமே தவிர்த்திருக்கக் கூடியவை என்றது. நிறவெறி அங்கே எங்கே குடியிருந்ததோ, சாதி இங்கே அதே இடத்தில் குடியிருக்கிறது: எவன் புகாரை எடுத்துக்கொள்ளலாம், எவன் புகாரைத் தள்ளிவிடலாம் என்கிற இடத்தில்.

இன்னொரு பேச்சும் உண்டு. "இவங்களுக்கு வீட்டை வெச்சுக்கத் தெரியாதுங்க. எவ்ளோ நல்லா கட்டிக் குடுத்தாலும் நாசம் பண்ணிடுவாங்க." இதைச் சொல்லாத அதிகாரி குறைவு. ஊரில் உள்ள மாளிகைகளை எல்லாம் கட்டிக் கொடுத்தவனுக்கு, தினம் பெருக்கி மெழுகிக் கொடுக்கிறவளுக்கு வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாதாம்! கம்பிக்குக் கவர் வைக்காதது குடியிருந்தவர் குற்றமா? அழுக்கு என்று நம்மைச் சொன்ன அதே வாய்தான் இப்போது பராமரிப்பு என்று பேச்சை மாற்றிச் சொல்கிறது.

சரி, என்ன செய்யலாம்? பேசிவிட்டுக் கலைய வேண்டாம். செய்யக்கூடிய நான்கு காரியம் சொல்கிறேன்.

ஒன்று. தகவல் உரிமைச் சட்டம், 2005. அதில் வெறும் காகிதம் கேட்கிற உரிமை மட்டும் இருக்கிறது என்று பலர் நினைக்கிறோம். அரசு வேலை நடக்கிற இடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்துகிற பொருளின் சான்றிட்ட மாதிரியை வாங்கவும் அதன் 2-ஆம் பிரிவு உரிமை தருகிறது. கனவு இல்லம் திட்டமோ பிரதமர் வீட்டுத் திட்டமோ தாட்கோ வேலையோ, நம் காலனியில் எது நடந்தாலும் மதிப்பீடு, அளவுப் புத்தகம், கான்கிரீட் கட்டி சோதனை அறிக்கை மூன்றையும் கேளுங்கள். கலவை மாதிரியையும் கேளுங்கள்.

இரண்டு. சிவில் படிக்கிற மாணவர்கள் நாலு பேர், அனுபவமுள்ள கொத்தனார் இரண்டு பேர், ஒரு சித்தாள் அக்கா. இப்படி ஒரு குழு ஒவ்வொரு காலனிக்கும் போகட்டும். எந்த வீட்டில் தளம் உப்பியிருக்கிறது, தட்டினால் எங்கே பொள்ளென்று சத்தம் வருகிறது, எங்கே கம்பி தெரிகிறது என்று வீடு வீடாக எழுதட்டும். சுத்தியலும் நோட்டும் போதும். அந்த நோட்டை ஆட்சியரிடம் கொடுப்போம், ஒரு நகல் நம்மிடம் இருக்கும். எந்த வீட்டில் இன்றைக்கே படுக்கக் கூடாது என்பது முதலில் அந்த வீட்டுக்காரருக்குத் தெரியட்டும்.

மூன்று. புதிதாகக் குடியேற்றுகிற எந்தக் கட்டடமும் வாரியத்தைச் சேராத ஒருவர் சோதித்து, அந்த முடிவைத் தமிழில் வாசலில் எழுதி ஒட்டிய பிறகே சாவி கொடுக்க வேண்டும். லாரிக் குழாய் எட்டாத மலத்தொட்டிக்கு, அரசோ தனியாரோ, வரைபட அனுமதி கூடாது. இதைக் கோரிக்கையாக வைப்போம்.

நான்கு. கட்டடத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. அதில் பதியாதவர்கள் இந்தக் கூட்டத்திலேயே பாதிப்பேர் இருப்பீர்கள். பதியுங்கள். ஆனால் விபத்து உதவியோடும் கல்வி உதவியோடும் நின்றுவிடக் கூடாது. முட்டைப் பிரிக்க மாட்டேன் என்று அந்தச் செங்கம் பெரியவர் சொன்னாரே, அந்தச் சொல்லுக்குச் சங்கம் துணை நிற்க வேண்டும். தப்பான வேலையைச் செய்ய மறுத்தவருக்குக் கூலி போகக் கூடாது என்பது நம் முதல் சங்கக் கோரிக்கையாக இருக்கட்டும். கூலி உயர்வுக்குப் போராடியிருக்கிறோம். வேலையின் தரத்துக்காகவும் போராடலாம், ஏனென்றால் அடியில் படுத்திருப்பது நம் பிள்ளைகள்.

குழுவில் சேர விரும்புகிறவர்கள் வெளியே மரத்தடியில் பேர் கொடுங்கள். முதலில் அடி அண்ணாமலைக் காலனியிலிருந்தே தொடங்குவோம். சுத்தியல் இருக்கிற அண்ணன்கள் கையோடு கொண்டு வாருங்கள்.